காப்பித் தோட்டத்துக்குள் ஒரு காடு

கம்பைநல்லூர் வட்டாரத்தில் கேழ்வரகு விளைகிறது. சோளம், துவரை, மரவள்ளி, மா எல்லாம் விளைகின்றன. காப்பி மட்டும் விளைவதில்லை. ஆயினும் காலையில் எழுந்தவுடன் நம் வீட்டு அடுப்படியில் மணப்பது காப்பிதான். அது எங்கிருந்து வருகிறது? நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் தருமபுரி மாவட்டத்திலேயே வத்தல்மலையில் மலைவாழ் மக்கள் காப்பி பயிரிடுகிறார்கள். மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் நோக்கிச் சென்றால், பொம்மிடிப் பக்கத்தில் சேர்வராயன் மலை கண்ணில் படும். அந்த மலையின் மேல்தான் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன.

அந்த மலைக்கும் நமக்கும் இன்னோர் உறவும் உண்டு. சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் அணையில் தேங்கி, அரூர் வழியாகச் சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. நம் கம்பைநல்லூர் ஆறும் அதே தென்பெண்ணையின் துணையாறுதான். மலையின் மேல் மரம் நின்றால் கீழே ஆறு நிற்கும். மரம் போனால் ஆறும் போகும். ஆகவே மலைத்தோட்டத்தில் நடப்பது நம் கிணற்றைப் பற்றிய செய்தியும் ஆகும்.

அண்மைக் காலத்தில் காப்பித் தோட்டங்களில் ஒரு புதிய வழக்கம் பரவியுள்ளது. தோட்டத்தை நடத்தும் குடும்பத்தினர் தங்கள் வீட்டை ஒட்டி இரண்டு மூன்று அறைகள் கட்டி, வெளியூர் விருந்தினரைத் தங்க வைக்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு, தோட்டத்தில் நடை, பறவை பார்த்தல் ஆகியவற்றுக்குக் கட்டணம் பெறுகிறார்கள். இதைச் ‘சூழல் தங்குமிடம்’ என்று அழைக்கிறார்கள். இப்படி நாம் தங்குவது காட்டைக் காக்குமா, அழிக்குமா? இதற்கு விடை காண வேண்டுமானால், காப்பிச் செடிக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பை முதலில் அறிய வேண்டும்.

மலை ஏறினால் ஏன் குளிர்கிறது?

காற்று மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது; விரியும் காற்று குளிர்கிறது. பொதுவாக 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறைகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கம்பைநல்லூர்ச் சமவெளியிலிருந்து அங்கே செல்ல 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். எனவே இங்கே 36 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் அங்கே 29 டிகிரி அளவே இருக்கும்.

இந்தியாவில் பயிராகும் காப்பி இருவகைப்படும். ஒன்று அராபிக்கா, மற்றொன்று ரொபஸ்டா. அராபிக்கா 15 முதல் 25 டிகிரி வரையுள்ள வெப்பத்தை விரும்பும். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் நன்கு வளரும். ரொபஸ்டா அதைவிடத் தாழ்ந்த, வெப்பம் கூடிய இடங்களையும் தாங்கும். ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அராபிக்கா. நம் ஊரில் காப்பி விளையாததன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

நிழலில் பிறந்த செடி

அராபிக்காவின் தாயகம் எத்தியோப்பியாவின் மலைக்காடுகள். அங்கே அது உயர்ந்த மரங்களின் கீழே, நிழலில் வளரும் சிறு மரம். பாபா பூதன் என்ற அடியார் 17ஆம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை சென்று திரும்பும்போது ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து கர்நாடகத்தில் சிக்கமகளூர் மலைப்பகுதியில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியை அறிமுகம் செய்தார். ஊர் மாறி வந்தாலும் செடியின் இயல்பு மாறவில்லை. முழு வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைத்தாலே அராபிக்கா இலையின் ஒளிச்சேர்க்கை உச்சத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் கிடைக்கும் வெயிலால் இலை சூடேறும், நீர் வீணாகும்.

வெட்டவெளியில் நட்ட செடி முதலில் மிகுதியாகக் காய்க்கும். அதைக் கண்டு மகிழக் கூடாது. அளவுக்கு மீறிக் காய்த்த செடி தன் சத்தையெல்லாம் இழந்து, கிளை நுனிகள் காய்ந்து, அடுத்த ஆண்டு காய்க்காமல் நின்றுவிடும். நிழலில் உள்ள செடி அளவாகக் காய்க்கும். ஆனால் பல ஆண்டுகள் காய்க்கும். இதனால்தான் இந்தியாவின் பழைய தோட்டக்காரர்கள் காட்டை முழுவதும் அழிக்காமல், பெரிய மரங்களை நிற்கவிட்டு அவற்றின் கீழே காப்பியை நட்டார்கள்.

மூன்றடுக்கு மாளிகை

நல்ல காப்பித் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலடுக்கில் பலா, அத்தி, நாவல், ஈட்டி, சந்தன வேம்பு போன்ற பெருமரங்கள். நடுவடுக்கில் கல்யாண முருங்கை எனும் முள்முருக்கு, ஆரஞ்சு போன்றவை. மரத்தண்டைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. கீழடுக்கில் காப்பிச் செடி. அதன் காலடியில் உதிர்ந்த சருகு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. மேலடுக்கு இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. சருகு அந்த நீரை மெத்தைபோல் தாங்கி மெல்ல மண்ணுக்குள் இறக்குகிறது. அவ்வாறு இறங்கிய நீரே கோடையில் ஊற்றாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது. முள்முருக்கு அவரை இனத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றுகின்றன. அத்தி இனங்கள் ஒரே பருவத்தில் அல்லாமல் வெவ்வேறு காலங்களில் பழுப்பதால், வேறு பழம் கிடைக்காத நாளிலும் குக்குறுவானுக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும் உணவு தருகின்றன.

பூச்சிகளும் பறவைகளும் இங்கே கூலி வாங்காத வேலைக்காரர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று ஒரே சமயத்தில் பூக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அராபிக்கா தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கக் கூடியது. ஆயினும் தேனீ வந்தால் காய்ப்புப் பெருகுகிறது. கோஸ்டா ரிக்கா நாட்டில் ஒரு தோட்டத்தில் செய்து 2004இல் வெளியான ஆய்வில், காட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே நாட்டில் நடந்து 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், காய்த் துளைப்பான் வண்டின் தாக்குதலைப் பறவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது தெரிந்தது.

நம் நாட்டு அராபிக்காவின் கொடிய பகைவன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. தாய் வண்டு தண்டுப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். வெளிவரும் புழு தண்டைக் குடைந்து செடியையே சாகடிக்கும். இந்த வண்டு நல்ல வெயில் படும் தண்டைத் தேடியே செல்கிறது! ஆகவே நிழல் மரத்தை வெட்டுகிறவர் தம் செடிக்கு எதிரியைத் தாமே அழைப்பவர் ஆகிறார்.

இலங்கை கற்பித்த பாடம்

ஒரே பயிரை மலை முழுவதும் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைக்காடுகளை அழித்து ஆங்கிலேயர் காப்பி நட்டனர். அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தும் கடல் கடந்தும் சென்றனர். 1869இல் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டனர். அது ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சாணம் உண்டாக்கும் இலைத்துரு நோய்.

1880இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியல் அறிஞர் இந்நோயை ஆராய்ந்தார். பூஞ்சாணத்தின் நுண் வித்துகள் காற்றில் பறந்து பரவுவதையும், தடையின்றி ஒரே செடி நிறைந்த தோட்டம் அந்நோய்க்கு விரித்த பாயாக அமைந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. இன்று இலங்கை என்றதும் தேயிலை நம் நினைவுக்கு வருவதற்கு ஒரு பூஞ்சாணமே காரணம். துரு நோய் நிழல் தோட்டத்துக்கும் வரும். ஆயினும் பலவகை மரங்கள் கலந்து நிற்கும் தோட்டத்தில் காப்பி ஒன்று பொய்த்தாலும் மிளகும் பலாவும் ஆரஞ்சும் குடும்பத்தைத் தாங்கும்.

குடும்பத்தின் கணக்கு

மரம் இவ்வளவு நல்லது என்றால் ஏன் வெட்டுகிறார்கள்? தோட்டக்காரர் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஏறத்தாழ ஆறு கிலோ பழுத்த காப்பிப் பழத்திலிருந்து ஒரு கிலோ காப்பிக் கொட்டையே கிடைக்கும். பழத்தைக் கையால் பறிக்க வேண்டும். அதுவும் பழுத்ததை மட்டும், பலமுறை. கூலி நிச்சயமாகக் கொடுத்தாக வேண்டும். விலையோ உலகச் சந்தையில் முடிவாகிறது. 1989இல் பன்னாட்டுக் காப்பி உடன்பாட்டின் பங்கீட்டு முறை குலைந்தபின் விலை தடுமாறியது. 2001-02இல் அது பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. இதற்கு மாறாக 2025 தொடக்கத்தில் வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. இத்தகைய ஏற்ற இறக்கத்தில் சிறிய தோட்டக்காரருக்குக் கண்முன்னே நிற்கும் பணம் மரம்தான். பெருமரத்தை விற்றுக் கடனை அடைக்கலாம். அதன் இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, விரைவில் நெட்டையாக வளரும் சில்வர் ஓக் மரத்தை நடலாம்; அதில் மிளகு நன்றாக ஏறும்; தடியும் விலை போகும். ஆனால் சில்வர் ஓக் அத்திபோல் பறவைக்குப் பழம் தராது. ஒரே வகை மரமாகத் தோட்டம் மாறினால் காட்டின் பன்மை போய்விடும். இன்னொரு வழி, தோட்டத்தையே துண்டு போட்டு வீட்டுமனைக்கோ பெரிய ஓட்டலுக்கோ விற்றுவிடுவது.

இந்த இடத்தில்தான் விருந்தினர் அறை வருகிறது. மரத்தை வெட்டாமலே அதிலிருந்து வருமானம் பெறும் வழி அது. விருந்தினர் வருவதே அந்த மரத்தையும் அதில் அமரும் பறவையையும் பார்ப்பதற்காக என்றால், வெட்டிய மரத்தைவிட நிற்கும் மரத்துக்கு மதிப்பு அதிகம் ஆகிவிடுகிறது.

இந்தியாவின் காப்பியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விளையும் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் இவ்வழக்கம் மிகுதி. மடிக்கேரிக்கு அருகே அனுராக் கோயல், சுஜாதா கோயல் என்ற அறிவியல் படித்த தம்பதியர் 1990களில் மோஜோ என்ற தோட்டத்தை அமைத்தனர். காட்டு நிழலில் இரசாயன மருந்து இன்றிக் காப்பி, ஏலம், மிளகு பயிரிட்டு, அங்கேயே விருந்தினர் குடில்களையும் நடத்தினர். அதே குடகில் அனில் மல்கோத்ரா, பமேலா மல்கோத்ரா தம்பதியர் 1991இல் 55 ஏக்கர் நிலம் வாங்கி, பின்னர் கைவிடப்பட்ட தோட்டங்களையும் வயல்களையும் சேர்த்து ஏறத்தாழ 300 ஏக்கரைக் காடாக வளரவிட்டனர். அங்கும் சில விருந்தினர் குடில்கள் அமைந்தன. பமேலாவுக்கு இந்திய அரசின் நாரி சக்தி விருது கிடைத்தது. ஒரு குடும்பம் நினைத்தால் இவ்வளவு செய்ய முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

விருந்தினர் எடுத்துக்கொள்வது என்ன?

ஆனால் மலையில் கட்டப்படும் எல்லா விடுதியும் காட்டைக் காப்பதில்லை. பெயர்ப் பலகையில் பச்சை வண்ணம் பூசியதால் விடுதி பசுமையாகிவிடாது. விருந்தினரும் மலையிலிருந்து பலவற்றை எடுத்துக்கொள்கிறார். முதலாவது நீர். ஒரு சிறு கணக்கைப் போடுவோம்.

100 சதுர மீட்டர் கூரை மீது ஆண்டில் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது எனக் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். ஆகவே கூரையில் விழுவது 1,50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,20,000 லிட்டர் மிஞ்சும். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். அதன்படி நான்கு விருந்தினருக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். 1,20,000ஐ 540ஆல் வகுத்தால் 222 நாட்கள்! தொட்டி போதிய அளவில் இருந்தால் ஏழு மாதத்துக்கும் மேலாக ஓடையைத் தொடாமலே சமாளிக்கலாம்.

இனி, 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள நீச்சல் குளம் ஒன்றை அதே விடுதியில் கட்டுவதாகக் கொள்வோம். அதை ஒருமுறை நிரப்ப 75,000 லிட்டர் வேண்டும். நான்கு பேருக்கு 138 நாட்களுக்குப் போதுமான நீர் அது. அந்த நீர் ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோதான் வர வேண்டும். கீழே வாணியாற்றுக்கு வர வேண்டிய நீர் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது கழிவு. விருந்தினரின் குளியல் நீரோடு, தோட்டத்தின் கழிவு நீரையும் சேர்த்தே எண்ண வேண்டும். பழத்தின் தோலை நீக்கி, கொட்டையின் மேலுள்ள வழுவழுப்பைப் புளிக்கவைத்துக் கழுவும்போது வெளிவரும் நீரில் சர்க்கரையும் அமிலமும் மிகுதி. அது அப்படியே ஓடையில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மடியும். ஆகவே அதைத் தொட்டிகளில் தேக்கி, சுண்ணாம்பு சேர்த்து, தூய்மை செய்தே வெளிவிட வேண்டும்.

மூன்றாவது ஒளியும் ஒலியும். இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்கு விட்டில்களை இழுத்துக் கொல்கிறது. மின்மினிகள் ஒளியால்தான் இணையை அழைக்கின்றன. பெரு வெளிச்சத்தில் அந்த அழைப்பு தெரியாது. ஒலிபெருக்கி வைத்தால் ஆந்தைக்கு இரையின் சலசலப்புக் கேட்காது.

நான்காவது ஆட்பெருக்கம். ஓர் இடம் கெடாமல் எத்தனை பேரைத் தாங்குமோ அதைத் ‘தாங்கும் திறன்’ என்பர். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது இதன் பொருட்டே.

நல்லதை அறிவது எப்படி?

ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சூழல் சுற்றுலா ஆண்டாக அறிவித்தது. இயற்கையைக் காப்பதும், அவ்விடத்து மக்களின் வாழ்வை உயர்த்துவதும் சூழல் சுற்றுலாவின் இரு கால்கள். ஒரு கால் இல்லாவிட்டாலும் அது நொண்டிதான். உங்கள் பெற்றோரோ பள்ளியோ மலைத்தோட்டம் ஒன்றில் தங்க ஏற்பாடு செய்தால், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. குடிநீரும் குளியல் நீரும் எங்கிருந்து வருகின்றன? மழைநீரைச் சேமிக்கிறார்களா?
2. கழிவு நீரும் குப்பையும் எங்கே போகின்றன? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் அங்கே உண்டா?
3. தோட்டத்தில் எத்தனை வகை நிழல் மரங்கள் உள்ளன? ஒரே வகைதானா?
4. அறை கட்ட மரம் வெட்டினார்களா? மலைச்சரிவைக் குடைந்தார்களா?
5. சமைப்பவர், வழிகாட்டுபவர், பழம் பறிப்பவர் அவ்வூர் மக்களா? வரும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கிறதா?

கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். மரத்தின் பெயரும் பறவையின் கூடும் நன்கு தெரிந்தவர்கள் தோட்டத் தொழிலாளரும் மலைவாழ் மக்களும்தாம். அவர்களுக்கு வாழ்வு இல்லாத காட்டுக்குக் காவலும் இல்லை.

செய்து பாருங்கள்

சோதனை 1: ஒரே அளவுள்ள இரண்டு பெரிய பிளாஸ்டிக் புட்டிகளை நீளவாக்கில் ஒரு பக்கம் வெட்டித் திறந்து, இரண்டிலும் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்றின் மேல் இரண்டு அங்குலம் சருகு பரப்புங்கள். இரண்டையும் வாய் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வைத்து, வாயின் கீழே கண்ணாடித் தம்ளர் வையுங்கள். பூவாளியால் அரை லிட்டர் நீரை இரண்டின் மேலும் ஒரே வேகத்தில் ஊற்றுங்கள். எந்தத் தம்ளரில் நீர் விரைவாக வருகிறது? எது கலங்கலாக இருக்கிறது? ஏன்?

சோதனை 2: நண்பகலில் ஒரு புளியமரத்தின் நிழலிலும், அருகே வெட்டவெளியிலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சிறு குழி செய்து வெப்பமானியின் குமிழை மண்ணுக்குள் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அளவைக் குறியுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் குறித்து வரைபடம் வரையுங்கள். இரு கோடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் மரம் தரும் குளிர்ச்சி.

காப்பி விளையாத கம்பைநல்லூரிலும் மரத்தின் விதி இதுவே. மலைத்தோட்டத்துக் குடும்பம் தன் நிழல் மரங்களைக் காக்கும்போது, அதன் பயன் ஊற்றாகி ஓடையாகி ஆறாகிச் சமவெளிக்கு இறங்கி வருகிறது. அங்கே விருந்தினராகச் செல்லும் நாமும் அந்த மரத்தைக் காப்பவர்களில் ஒருவராகத் திரும்ப வேண்டும்.